ஊழியத்துக்கு நிதி ஆலோசகரை அமர்த்துவது எப்படி? ஒருமுறை ஏமாந்த பொருளாளர் எழுதுவது

எங்கள் கிறிஸ்தவ ஊழியம் சின்னது. தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று ஊர்களில் மாலை டியூஷன், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். இரண்டு வருடத்தில் இரண்டு நிதி ஆலோசகர்களோடு, அதாவது நன்கொடை திரட்ட வழி சொல்பவர்களோடு, வேலை செய்துவிட்டேன். முதல் ஆள் விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு, வருடாந்தர ஆடிட் எல்லாம் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஆலோசகரைத் தேடாதீர்கள், முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

படி 1: கமிட்டியைச் சம்மதிக்க வையுங்கள்

பேச்சை எடுத்ததுமே மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, ஜார்ஜ் முல்லர் யார்கிட்டயாவது காசு கேட்டாரா? முழங்காலில நின்னாரு, வந்துச்சு." உங்கள் கமிட்டியிலும் இப்படி ஒருவர் இருப்பார். பக்கத்தில் டோனாவூரை வைத்துக்கொண்டு எங்களால் இந்தக் கேள்வியைத் தட்டிவிடவும் முடியாது. அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் மனிதரிடம் கேட்பதில்லை என்ற கொள்கையோடு இருந்தவர்தான்.

நான் சொன்ன பதில் இது. முல்லர் 1836-இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். யாரிடமும் கேட்கவில்லை, சரி. ஆனால் என்ன வந்தது, எதற்குச் செலவானது என்று வருடாவருடம் அறிக்கை அச்சடித்து வெளியிட்டார். கொடுப்பவர்களுக்கு நாம் அனுப்பும் ஜெப மடலில் கடைசியாகக் கணக்கு வந்தது எப்போது? யாரும் பேசவில்லை. அப்புறம் வேதாகமத்தில் எருசலேம் மதிலைக் கட்டிய நெகேமியாவையும் நினைவுபடுத்தினேன். அவர் ஜெபமும் பண்ணினார், மரம் வேண்டும் என்று ராஜாவிடம் கடிதமும் கேட்டு வாங்கினார்.

ஒரு விஷயம், கொடுப்பது நம் சபைகளுக்குப் புதிதல்ல. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு என்று தனியே எடுத்து வைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். கொடுக்கிறவர்களுக்கு நாம் ஒழுங்காகத் தகவல் சொல்வதில்லை. ஆலோசகர் உதவ வேண்டிய இடம் அதுதான்.

படி 2: பட்டியலை நீங்களே தயார் செய்யுங்கள்

"நமக்கு நானூறு பங்காளர்கள் இருக்கிறார்கள்" என்று கமிட்டியில் சொல்லிக்கொண்டிருந்தோம். பங்காளர் என்றால் நமக்கு நன்கொடை கொடுப்பவர். மூன்று வருட ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது 163 பேர்தான் வந்தார்கள். மூன்று வருடமும் விடாமல் கொடுத்தவர்கள் 41.

இதற்கு மென்பொருள் எதுவும் வாங்காதீர்கள். நன்கொடையாளர்களுக்கென்றே மாதச் சந்தாவில் என்னென்னவோ விற்கிறார்கள். ஆயிரம் பேருக்குக் கீழே இருந்தால் கூகுள் ஷீட் போதும், கணக்குக்கு டாலி போதும். பெயர், ஊர், போன், முதலில் கொடுத்த தேதி, கடைசியாகக் கொடுத்த தேதி, தொகை, யார் மூலம் அறிமுகம், பான் எண். பான் எதற்கு என்றால், கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் வைத்திருக்கும் டிரஸ்ட் நன்கொடை விவரங்களை ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் ஏற்றியாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி விலக்கு கிடைக்காது என்பதையும் ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள், வருட முடிவில் சண்டை மிச்சம்.

படி 3: ஆளைத் தேடுதல்

கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே விசிட்டிங் கார்டு நீட்டுபவரைத் தவிருங்கள். உங்களைப் போலவே இருக்கிற இன்னொரு ஊழியத்தின் பொருளாளரைக் கேளுங்கள். போதகரைக் கேட்பதைவிட இது நல்லது. போதகர்கள் நல்ல மனசோடு எல்லோரையும் சிபாரிசு செய்வார்கள், கணக்கு பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும்.

"வெளிநாட்டுத் தொடர்பு இருக்கிறது" என்று ஆரம்பிப்பவரிடம் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்களுக்குப் பதிவு இல்லையே, என்ன செய்யலாம்?" "வேறொரு டிரஸ்ட் கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருகிறேன்" என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். இது தெரியாதவர் ஆலோசகரே இல்லை. தெரிந்தே சொல்பவர் இன்னும் மோசம்.

படி 4: கட்டணம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

முதலில் வந்தவர் நன்றாகப் பேசினார். "சிஸ்டர், முன்பணம் எதுவும் வேண்டாம். வருகிற நன்கொடையில் 15 சதவீதம் மட்டும் கொடுங்கள். வரவில்லையென்றால் எனக்கும் ஒன்றும் இல்லை." நமக்கு நஷ்டமே இல்லையே என்று கமிட்டியில் எல்லோருக்கும் சந்தோஷம். வங்கியில் முப்பது வருடம் இருந்த எனக்கும்தான்.

அக்டோபரில் தொடங்கி மூன்று மாதத்தில் 2,40,000 ரூபாய் வந்தது. அவருக்கு 36,000 கொடுத்தோம். ஜனவரியில் உட்கார்ந்து பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் 1,70,000 வழக்கமாகக் கொடுப்பவர்கள் கொடுத்தது. அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் எப்படியும் கொடுத்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் "வருகிற நன்கொடையில்" என்றுதான் இருந்தது. "என் முயற்சியால் வருகிற" என்று எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒருவர் அவருடைய கடிதத்தைப் பார்த்துக் கொடுத்தாரா, தன் மகளுக்கு வரன் அமைந்த சந்தோஷத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தாரா என்று யார் தீர்ப்பது?

இதைவிடப் பெரிய அடி வேறொன்று. ஓய்வூதியத்தில் மாதம் தவறாமல் ஆயிரம் ரூபாய் அனுப்பும் அம்மா ஒருவருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. போன் செய்தார். "என் ஆயிரத்தில நூத்தம்பது அவருக்காம்மா?" ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சதவீதம் என்று வந்துவிட்டால் ஆலோசகருக்கு இந்த மாதம் பணம் வந்தாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் போன், "இன்று கொடுக்காவிட்டால் பெரியவர்கள் பட்டினி" என்று வாட்ஸ்அப் செய்தி. எங்கள் முதியவர்கள் ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை. பொய்யை எங்கள் பெயரில் அனுப்பியிருக்கிறார்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நிதி திரட்டுவோர் சங்கமான ஏ.எஃப்.பி. தன் உறுப்பினர்கள் வசூலில் சதவீதம் வாங்கக் கூடாது என்று நெறிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. 1979-இல் அங்கே சுவிசேஷ ஊழியங்களின் கணக்கு ஒழுங்குக்காகத் தொடங்கிய ஈ.சி.எஃப்.ஏ.வும் அதையேதான் சொல்கிறது. நம் ஊர் ஆலோசகரை அந்த விதிகள் கட்டாது. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் அவரைக் கட்டிப்போடலாம்.

எனவே வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். இரண்டாவது ஆலோசகருக்கு நான்கு மாத வேலைக்கு 60,000 ரூபாய். பட்டியலை ஆராய்ந்து திட்டம் கொடுத்ததும் 15,000, முதல் இரண்டு ஜெப மடல்கள் போனதும் 25,000, கடைசியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்து முடித்ததும் 20,000. எவ்வளவு வசூலானாலும் அவருக்கு இவ்வளவுதான். ஒரே ஆலோசகருக்கு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டிக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது அவருடைய வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் அதன் மேல் 18 சதவீதம் வரும், பேசும்போதே "ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா?" என்று கேட்டுவிடுங்கள்.

இந்த 60,000 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சாப்பாட்டுக்கு என்று கொடுத்த பணத்தில் கைவைக்கவில்லை. கமிட்டியில் இருவரிடம் "இந்தச் செலவுக்குத்தான்" என்று சொல்லியே வாங்கினேன். அதில் ஒருவர் முல்லர் கேள்வி கேட்டவர்.

படி 5: ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும், வக்கீல் தமிழ் வேண்டாம். இவை மட்டும் கட்டாயம் இருக்கட்டும்: பட்டியல் ஊழியத்தின் சொத்து, வேலை முடிந்ததும் ஆலோசகர் தன் நகலை அழிக்க வேண்டும். பணம் டிரஸ்ட் கணக்குக்கு மட்டுமே வரும், கியூஆர் கோடும் டிரஸ்டுடையதுதான். எங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகாது. முப்பது நாள் நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம்.

முதல் வரியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய ஆலோசகர் எங்கள் ஆட்களைத் தன் போனில் வாட்ஸ்அப் குழுவாகச் சேர்த்திருந்தார். அவர் போன இரண்டாவது மாதம் அதே குழுவில் வேறொரு ஊழியத்தின் வேண்டுகோள் வந்தது. குழுவே வேண்டாம், பிராட்காஸ்ட் பட்டியல் போதும், அதுவும் ஊழியத்தின் எண்ணிலிருந்து.

பிள்ளைகள் இல்லம் நடத்துபவர்கள் புகைப்பட விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காட்டுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் தண்டனைக்குரியது. "முகம் தெரிந்தால்தான் மனசு இளகும்" என்று ஆலோசகர் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

படி 6: வேலை நடக்கும்போது

ஆலோசகர் உங்களுக்காகக் கேட்கக் கூடாது, உங்களைக் கேட்க வைக்க வேண்டும். எங்கள் நான்கு பக்க ஜெப மடலை இரண்டாவது ஆலோசகர் ஒரே பக்கமாக்கினார். மூன்று பத்தி வசன விளக்கத்தை எடுத்துவிட்டு, போன மாதம் எத்தனை சாப்பாடு, எவ்வளவு செலவு, என்ன குறைகிறது என்று போட்டார். எனக்கே கொஞ்சம் வருத்தம்தான், விளக்கம் எழுதியது நான்.

அப்புறம் கமிட்டியில் ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுத்தார். போன் செய்து நன்றி மட்டும் சொல்ல வேண்டும், பணம் கேட்கக் கூடாது. கொடுப்பதை நிறுத்தியிருந்தவர்களில் 38 பேர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர் சொன்னது: "ரசீதே வரலை, அதான் மடம் மூடிட்டீங்களோன்னு நினைச்சேன்."

பின்சேர்க்கை 1: துபாயில் இருக்கும் சபைப் பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். நம் ஊரில் வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். பட்டியலில் "பாஸ்போர்ட்" என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: "சுவிசேஷ ஊழியம் மட்டும்தான் செய்கிறோம், 80ஜி வாங்கித் தருவதாக ஆலோசகர் சொல்கிறார்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். முழுக்க மத நோக்கமுள்ள வேலைக்கு 80ஜி கிடையாது. 80ஜி உள்ள டிரஸ்டும் மத நோக்கத்துக்கு வருட வருமானத்தில் 5 சதவீதத்துக்குள்தான் செலவழிக்கலாம். அவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், பிரதர்.

பின்சேர்க்கை 3: டிரஸ்டியின் மருமகனையே ஆலோசகராக வைக்கலாமா? நான் வைக்க மாட்டேன். வைத்தே தீர வேண்டுமென்றால், அதே வேலைக்கு வெளியாட்கள் இரண்டு பேரிடம் விலை எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த டிரஸ்டி வாக்களிக்கவில்லை என்பதும் மினிட் புத்தகத்தில் இருக்கட்டும். டிரஸ்டியின் உறவினருக்குக் கொடுத்த பணத்தை ஆடிட்டர் கட்டாயம் தனியாகக் கேட்பார்.