தம்பியின் உதவித்தொகை நின்றதும் செய்தது

தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய், திடீரென்று வருவது நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் கணக்கில் கோளாறு இல்லை என்றார்கள். அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது, அவனுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தற்காலிகமானதாம், காலம் முடிந்துவிட்டதாம். கூடிக்கொண்டே போகிற நோய்க்குத் தற்காலிகச் சான்று கொடுப்பதில் என்ன நியாயமோ!

சரி என்று யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தளத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்து, அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். போகும்போது பழைய நரம்பியல் அறிக்கைகளோடு, சாப்பிட, குளிக்க, ராத்திரி புரண்டு படுக்கக்கூட அம்மா வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அந்தத் தாள்தான் வேலை செய்தது. டாக்டர் அதைப் பார்த்துத்தான் கேள்வியே கேட்டார். சான்றில் குறைபாட்டின் சதவீதம் கூடியது, சான்றும் நிரந்தரமானது.

நின்ற பணம் மறுபடி வர ஆரம்பித்தது. அதிக உதவி தேவைப்படுவோரைக் கவனிப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு, அதை யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்காக அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம்.