உதவித்தொகை கூடுதலாக ஏறிவிட்டது, திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

மாற்றுத்திறனாளிகளுக்கு மாதப் பணம் இரண்டு வழியாக வருகிறது: தாலுகா ஆபீஸ் மூலம் வருவாய்த்துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியம், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. ஒருவர் ஒன்றைத்தான் வாங்கலாம். 2,000 ரூபாய்க்கு மாறியவருக்குப் பழைய 1,500-ஐ யாரும் நிறுத்தாமல் விட்டால் இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அப்புறம் ஒருநாள் சரிபார்ப்பில் சிக்கும்.

முதலில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, ஒரே மாதத்தில் 1,500, 2,000 என்று இரண்டு வரவு இருக்கும் வரிகளைப் பென்சிலால் கோடிடுங்கள். பத்து மாதம் என்றால் 15,000 ரூபாய். இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆபீஸ் சொல்லும் தொகை சில நேரம் இதோடு ஒத்துப்போகாது.

அடுத்தது மனு, இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "எனக்கு இரண்டும் வருகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் இரண்டையும் நிறுத்திவிட்டு விசாரிக்க ஆரம்பித்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் "பராமரிப்பு உதவித்தொகை தொடர வேண்டும், ஓய்வூதியத்தை மட்டும் நிறுத்தவும், கூடுதலாக வந்ததை மாதம் 500 ரூபாய் வீதம் கட்ட அனுமதிக்கவும்" என்று தெளிவாக எழுதுங்கள். தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒன்று. நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள். பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள், தாலுகாவில் நகரவில்லை என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

வாய்மொழியாக "இவ்வளவு கட்டு" என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாதம் முதல், எவ்வளவு, எந்த உத்தரவுப்படி. தர மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், செலான் மூலம்தான். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால் ஏடிஎம் கார்டைத் தொடாதீர்கள். விஏஓவிடமும் வங்கியிலும் இறப்புச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள், அவர் இறந்த பிறகு ஏறிய பணம் குடும்பத்துக்குச் சொந்தமில்லை.

தொகை தப்பு என்று தோன்றினாலோ மிரட்டினாலோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவன் எந்தத் துறையையும் சேர்ந்தவன் இல்லை, கட் பண்ணிவிடுங்கள்.