குளிர்கால உப்பிலிருந்து டிரக்கின் குரோமையும் உலோகத்தையும் காப்பது எப்படி?

ஜனவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து 401 நெடுஞ்சாலையில் ஒரு முறை போய் வந்தால் போதும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு டிரக் முழுக்க வெள்ளையாகப் படிந்துவிடும். பனி முடியட்டும், சேர்த்துக் கழுவிக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரலில் கழுவும்போது பம்பர் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். முதல் டிரக் வாங்கி முதல் குளிர்காலத்துக்குள் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையில் பெரும்பகுதி அக்டோபரிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதலில், உப்பு எப்படி அரிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பம்பரின் மேலே இருக்கும் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்காது. அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புநீர் அதன் வழியே இறங்கி இரும்பைத் தொட்டுவிட்டால், துரு உள்ளிருந்து பூச்சை மேலே தள்ளும். சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் கடும் குளிரில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களையும் பயன்படுத்துகிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், எளிதில் காயாது. உலோகத்துக்கு இவைதான் அதிக ஆபத்து.

படி 1: சுத்தம்

வெயில் இருக்கும் ஒரு நாளில் டிரக்கை மிதமான சோப்பால் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். குரோமில் ஏற்கெனவே லேசான துரு இருந்தால், அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் வேண்டாம், கீறிவிடும்.

அலுமினிய வீல்களில் இரண்டு வகை உண்டு. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) பூசியது என்றால் சோப்பு மட்டும் போதும். பூச்சு இல்லாத வெறும் அலுமினியம் என்றால் மெட்டல் பாலிஷ் போட்டுத் துடையுங்கள். அமிலம் கலந்த கழுவு திரவங்களைப் பளபளப்பான அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மங்கடித்துவிடும், கைக்கும் கண்ணுக்கும் கெடுதல்.

படி 2: வாக்ஸ்

குரோம், வீல், டீசல் டேங்க் எல்லாவற்றுக்கும் நல்ல பேஸ்ட் வாக்ஸ் அல்லது சீலன்ட் இரண்டு முறை போடுங்கள். முதல் பூச்சு காய்ந்து துடைத்த பிறகுதான் இரண்டாவது. போல்ட்டைச் சுற்றியும் விளிம்புகளிலும் விரலால் அழுத்திப் பூசுங்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும். பம்பரின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சேறெல்லாம் அங்கேதான் ஒட்டும். முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க, பின்பக்கம் அரித்துக்கொண்டிருக்கும் பம்பர்கள் ஏராளம். அங்கே வாக்ஸ் வேண்டாம், அடுத்த படியில் வரும் எண்ணெயைத் தெளியுங்கள்.

படி 3: அடிப்பகுதி

சேசிஸ் (டிரக்கின் அடிச்சட்டம்), குறுக்குச் சட்டங்கள், டேங்கைப் பிடித்திருக்கும் பட்டைகள் எல்லாவற்றிலும் உதிரும் துருவைச் சுரண்டிவிட்டு, லானோலின் கலந்த துருத்தடுப்பு எண்ணெயைத் தெளியுங்கள். செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகுதான் லானோலின். காய்ந்து இறுகாது, இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். கறுப்பு ரப்பர் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு இடத்தில் வெடித்தால் உப்புநீர் அதற்குள் புகுந்து வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும், மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பிரேக் டிரம், டிஸ்க், லைனிங் (உராய்ந்து வண்டியை நிறுத்தும் பட்டை) மேல் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. புகைக்குழாய்க்கும் வேண்டாம். ரப்பர் குழாய்களுக்கு ஆகுமா என்று டப்பாவைப் படித்துப் பாருங்கள்.

படி 4: வயர்கள்

டிரெய்லரை இணைக்கும் ஏழு முனைப் பிளக், விளக்குகளின் கனெக்டர்கள், பேட்டரி முனைகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, முனைகளைப் பூட்டிய பிறகு பேட்டரிக்குப் பாதுகாப்பு ஸ்பிரேயும், கனெக்டர்களுக்கு டைஎலெக்ட்ரிக் கிரீஸும் (மின்சாரம் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கும் கிரீஸ்) போடுங்கள். கரன்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லைட்டின் ஊசியை வயருக்குள் குத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தச் சின்ன ஓட்டை வழியே உப்புநீர் புகுந்து, செம்பு உள்ளுக்குள்ளேயே பச்சைத் தூளாகிவிடும்.

படி 5: குளிர்காலம் முழுவதும்

வாரம் ஒரு முறையாவது அலசுங்கள். கடும் குளிரில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறி, பனி உருகி உப்பு கரையும் நாள்தான் மோசம், கழுவ ஏற்ற நாளும் அதுவே. உப்போடு கொண்டுபோய்ச் சூடான கராஜில் நிறுத்துவதும் அரிப்பை வேகப்படுத்தும்.

அடிப்பகுதிக்குத்தான் நிறையத் தண்ணீர் வேண்டும். பிரஷர் வாஷரைக் கனெக்டருக்கும் வீல் சீலுக்கும் (சக்கரத்தின் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மிக அருகில் பிடிக்காதீர்கள். கழுவி முடித்ததும் கதவு ரப்பர்களைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டி உறைந்துவிடும். நிறுத்தும் முன் மெதுவாக ஓட்டியபடி சில முறை பிரேக் பிடித்து ஈரத்தைக் காயவையுங்கள். ஈரமான பிரேக் ஷூக்கள் (லைனிங்கைத் தாங்கி டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த பாகங்கள்) இரவில் டிரம்மோடு உறைந்து ஒட்டலாம். கழுவக் கழுவ வாக்ஸ் தேயும், அதனால் இடையிடையே ஸ்பிரே வாக்ஸ் அடிக்க வேண்டும். கிரீஸ் போகும் இடங்களிலும் புது கிரீஸ் ஏற்றுங்கள்.

பனிக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியை ஒரு முறை முழுக்க அலசிவிட்டு, மெக்கானிக்கிடம் பிரேக் ஷூக்களைக் காட்டுங்கள். ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவே துரு வளர்ந்தால் லைனிங்கைத் தூக்கி வெடிக்க வைத்துவிடும். லைனிங்கில் இன்னும் தடிமன் மிச்சம் இருந்தாலும், அப்படித் தூக்கிய ஷூவை மாற்றியே ஆக வேண்டும்.