இலவச வைத்தியசாலையில் நோயாளர் திருப்தியை அளப்பது எப்படி?

கொழும்பு அரச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் “செலவு உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?” என்று கேட்டால், “இங்கே காசு எடுப்பதில்லையே” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். விடை உண்மையானதுதான், ஆனால் ஆய்வு செய்பவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே வினாக்கொத்தில் திருப்தியைப் பற்றிக் கேட்குமுன், கடைசியாக வந்துபோன ஒரு நாளில் கையை விட்டுப் போன பணத்தை வகைவகையாகக் கேட்க வேண்டும்.

முதலில் மருந்தைக் கேளுங்கள். எழுதித் தந்த துண்டில் எத்தனை மருந்துகள் உள்ளே கிடைத்தன, எத்தனை வெளிப் பாமசியிலோ அரச மருந்துக் கடையான ஒசுசலவிலோ வாங்கப்பட்டன, அதற்கு என்ன செலவானது என்பவை தனித்தனிக் கேள்விகள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு கண்ட நாட்டில் இப்பகுதியைச் சுருக்கக் கூடாது. அடுத்து, தனியார் ஆய்வுகூடத்தில் செய்த இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். பின்னர் போக்குவரத்து, உணவு, நோயாளியும் துணைக்கு வந்தவரும் இழந்த நாட்கூலி. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவருக்கு பஸ் கட்டணம் சிறு தொகை. ஹட்டனிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அதுவே பெருஞ்செலவாகலாம். மொத்தத்தை வீட்டு மாதச் செலவோடு ஒப்பிட்டால்தான் சுமை தெரியும்.

தரத்தையும் ஒரே கேள்வியில் அடக்க முடியாது. மருத்துவச் சேவையின் தரத்தை ஆய்ந்த அவெடிஸ் டொனபேடியன் 1966இல் முன்வைத்த அமைப்பு, செயன்முறை, விளைவு என்ற பிரிவு இன்றும் கைகொடுக்கிறது: இருக்கையும் கழிப்பறையும் முதலாவதைச் சேர்ந்தவை, காத்திருந்த நேரம், வைத்தியர் நோயை விளக்கிய விதம், தாதியர் பேசிய முறை இரண்டாவதைச் சேர்ந்தவை, நோய் குணமானதா என்பது மூன்றாவதைச் சேர்ந்தது. தமிழ் நோயாளரிடம் “உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கினார்களா, அல்லது வேறு யாராவது மொழிபெயர்த்தார்களா?” என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சிங்களத்தில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, மாத்திரையை எப்போது எடுப்பதென்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பவர்கள் பலர். வினாக்கொத்து அவர்களைத் தவறவிடக் கூடாது.

எங்கே கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர், அடுத்த மாதமும் இங்கேதான் வர வேண்டும் என்ற எண்ணத்தில் குறை சொல்லத் தயங்குவார். ஆகையால் மருந்து பெற்று வெளியேறிய பின்னரோ, சில நாள் கழித்துத் தொலைபேசியிலோ, வைத்தியசாலை அடையாளம் எதுவும் அணியாத ஒருவர் தமிழிலேயே கேட்பது நல்லது. பணிப்பாளரின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முன்னதாகவே பெறப்பட வேண்டும். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் விடைத்தாளில் எழுதவே வேண்டாம்.

விடைகளைத் தொகுக்கும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். “திருப்தி” என்று சொன்னவர்களில் வெளியில் மருந்து வாங்கியவர்களைத் தனியே பிரித்து, அவர்கள் கடன் வாங்கினார்களா, மருந்தைப் பாதியில் நிறுத்தினார்களா என்று பார்த்துப் பட்டியலிடுங்கள். வைத்தியசாலை நிர்வாகத்திடம் கொடுக்கும் அறிக்கையில் அந்தப் பட்டியலை முதற்பக்கத்திலேயே வையுங்கள்.