சாவிக்கு டேக், பைக்குக்கு ஜிபிஎஸ்: வாங்குவதும் மாட்டுவதும்

போன தை மாதம், ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து கிடந்த நேரம். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துத் தோட்டத்தில் பைக் சாவியைத் தொலைத்துவிட்டேன். சருகைக் கிளறிக் கிளறி இரண்டு மணி நேரம் போனது. அன்றைக்கு இறங்கியதுதான் இந்த டிராக்கர் ஆராய்ச்சி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடையில் எல்லாவற்றையும் ‘ஜிபிஎஸ் டிராக்கர்’ என்றே சொல்லி விற்கிறார்கள். ஆனால் பொத்தான் அளவில் இருக்கும் சின்ன டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. அது புளூடூத் சிக்னலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் யாருடைய போன் இருக்கிறதோ, அது இடத்தை நமக்குச் சொல்லும். சாவி, பை, பர்ஸ் போன்றவற்றுக்கு இது போதும். வண்டிக்கு என்றால் சிம் போடுகிற ஜிபிஎஸ் கருவிதான். டேக்கை பைக்கில் ஒளித்து வைத்தால் திருடன் மாட்டுவான் என்று நம்பாதீர்கள். தெரியாத டேக் ஒன்று கூடவே வந்தால் எச்சரிக்கும் வசதி ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. நமக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடலாம்.

டேக்

ஐபோன் இருந்தால் ஆப்பிளின் ஏர்டேக். ஆண்ட்ராய்டு என்றால், தொலைந்ததைத் தேடும் கூகிள் ஆப்பான ஃபைண்ட் ஹப்பில் சேரும் என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். ஏர்டேக்கை ஆண்ட்ராய்டில் இணைக்க முடியாது. என்னைக் கேட்டால், போனில் இருந்து ஒலிக்க வைக்கும்போது சத்தம் பலமாக வருவதைத்தான் வாங்கச் சொல்வேன். தோட்டத்தில் சாவியைக் கண்டுபிடித்துத் தருவது மேப் அல்ல, அந்தச் சத்தம்தான். நம் ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் தண்ணீர் புகாததா என்றும் பாருங்கள்.

இணைப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை, ஆப்பே வழிகாட்டும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் மட்டும் ஃபைண்ட் ஹப் செட்டிங்ஸில் ஆஃப்லைன் சாதனங்களைத் தேடும் பகுதிக்குப் போங்கள். கூட்டமான இடங்களில் மட்டும் என்றுதான் அங்கே முதலில் இருக்கும். அப்படியே விட்டால், பல போன்கள் உங்கள் டேக்கைப் பார்த்தால்தான் இடம் காட்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் அது சரி. பேச்சிப்பாறை ரோட்டில் என்ன செய்ய? அதை எல்லா இடங்களிலும் என்று மாற்றுங்கள். வீட்டில் உள்ள எல்லார் போனிலும் மாற்றுங்கள், தோட்டத்துக்கு வேலைக்கு வரும் அண்ணன் போனிலும்தான்.

வண்டிக்கு ஜிபிஎஸ்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். விலை குறைவு என்று 2ஜி கருவி வாங்கி, வீட்டில் சும்மா கிடந்த ஜியோ 4ஜி சிம்மைப் போட்டேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, மேப்பில் ஒன்றும் வரவில்லை. கருவி கெட்டுப்போனது என்று மார்த்தாண்டத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். தப்பு என்னுடையது. ஜியோவில் 2ஜி சேவை கிடையாது. 2ஜி கருவிக்கு ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் மாதிரி 2ஜி உள்ள சிம்தான் வேண்டும். இனி வாங்குகிறவர்கள் 4ஜி கருவியாகவே வாங்குங்கள்.

சிம்மை முதலில் உங்கள் போனில் போட்டு, பின் நம்பர் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். டேட்டா ஓடுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் கருவியில் போட்டு, கையேட்டில் உள்ள எஸ்எம்எஸ் கட்டளையால் ஏபிஎன் பெயரை, அதாவது சிம் இன்டர்நெட்டில் சேரும் வாசலின் பெயரை, அனுப்புங்கள். பிஎஸ்என்எல்லுக்கு ‘bsnlnet’, ஏர்டெல்லுக்கு ‘airtelgprs.com’. ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல். நான் ஒரு இடைவெளி விட்டுவிட்டு அரை நாள் முழித்தேன். பல மலிவுக் கருவிகளில் பாஸ்வேர்ட் 123456 என்றே இருக்கும், அதையும் உடனே மாற்றிவிடுங்கள்.

வண்டியில் மாட்டுவதற்கு முன் முற்றத்தில் வானம் தெரிகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை சாட்டிலைட் கிடைக்கச் சில நிமிஷம் ஆகும். பலா மரத்தடியில் வைத்துக்கொண்டு வரவில்லை என்று சொல்லக்கூடாது.

வயரிங் மெக்கானிக் வேலை. சிவப்பு பேட்டரி பாசிட்டிவ், கறுப்பு எர்த், மூன்றாவது இக்னிஷன். வயர் நிறத்தைக் கையேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உள்ள பக்கமாக வைக்க வேண்டும், இரும்பு மூடினால் சிக்னல் வராது. தூரத்தில் இருந்து இன்ஜினை நிறுத்தும் ரிலே எனக்குப் பிடிக்காது. ஓடுகிற வண்டியைத் தெரியாமல் நிறுத்தினால் யார் பொறுப்பு?

பிற்சேர்க்கை

இதைப் படித்து மாட்டிய ஒருவர் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையாம். கணக்குப் போடுங்கள்: கருவி 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். 4 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு நாள் தாங்காது. வண்டி நிற்கும்போது தூங்கும் ஸ்லீப் மோடு உள்ள கருவி வாங்கி, அதை ஆன் செய்யுங்கள்.

குளச்சலில் இருந்து ஒருவர் வள்ளத்துக்கு மாட்டலாமா என்று கேட்டார். கரையில் நிற்கும்போது இன்ஜினுக்குக் காவலாக இருக்கும். கடலுக்குள் இடம் அதற்குத் தெரியும், ஆனால் டவர் எட்டாத தூரத்தில் அதை நமக்கு அனுப்ப வழியில்லை. அதற்கு சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் வேண்டும். படகுகளுக்கென்று இஸ்ரோ உருவாக்கியது இருக்கிறது, மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.