தாய்ப்பாலை உறைய வைத்தால் எது குறையும், எது நிற்கும்

ஃப்ரீசரில் வைத்த பாலில் சத்தே இருக்காது என்பது பாதி உண்மைகூட இல்லை. பால் சர்க்கரையான லாக்டோஸும் புரதமும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். குடலைக் காக்கும் ஐஜிஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதம் மாதக்கணக்கில் தாங்கும். உயிருள்ள வெள்ளணுக்கள் உறைந்ததும் செத்துவிடும், அதைத் தடுக்க வழியில்லை. நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை வைட்டமின் சியும் கொழுப்பும்.

வைட்டமின் சி, காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். ஃப்ரிட்ஜில் ஒரே நாளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஃப்ரீசரில் அதே அளவு போக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதனால் மலேசியாவில் 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறவர்கள், எடுத்த அன்றே பாலைப் பிரித்துவிடுவது நல்லது: நாளைக்குத் தேவையானது ஃப்ரிட்ஜுக்கு, மிச்சம் ஃப்ரீசருக்கு. நாலு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்ததைக் கடைசியில் உறைய வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. ஃப்ரிட்ஜில் குறைந்தது போக, ஃப்ரீசரிலும் குறையும்.

கொழுப்பு பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் மாற்ற மாற்ற இழப்பு கூடும். உருகிய பாலைச் சுழற்றிக் கலக்கி, பையை மேலிருந்து இரண்டு விரலால் வழித்து ஊற்றுங்கள்.

ஒரு பையில் 60 முதல் 120 மில்லி போதும். பால் உறைந்தால் விரியும் என்பதால் மேலே 2.5 செ.மீ. இடம் விட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, தேதி எழுதிப் படுக்க வைத்து உறைய வையுங்கள். தட்டையான பை சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். புதிதாக எடுத்த சூடான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலில் ஊற்றாதீர்கள். முதலில் ஆற வைத்துக் குளிர்வித்த பிறகே சேர்க்க வேண்டும்.

உருகியதும் சோப்பு வாடை அடித்தால் பாட்டிமார் "கெட்டுப்போச்சு, ஊத்திடு" என்பார்கள். கெடவில்லை. லிபேஸ் என்ற நொதி ஃப்ரீசரிலும் மெதுவாகக் கொழுப்பை உடைக்கிறது, அந்த வாடைதான் அது. குழந்தை குடித்தால் கவலையே வேண்டாம். மறுத்தால், அடுத்த முறை எடுத்த உடனே ஓரத்தில் சிறு குமிழ் வரும்வரை, சுமார் 82 டிகிரிக்குச் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, வேகமாக ஆற வைத்து உறைய வையுங்கள். வாடை வந்த பிறகு காய்ச்சிப் பயனில்லை. சூட்டில் எதிர்ப்புச் சத்தும் கொஞ்சம் குறையும் என்பதால் எல்லாப் பாலுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. நிறைய சேமிக்கும் முன் ஒரு பையை மட்டும் ஒரு வாரம் வைத்து, முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. ஏர்கோன் இல்லாத கோலாலம்பூர் ஃபிளாட்டில் மதியம் 30ஐத் தாண்டும். அங்கே எடுத்த கையோடு ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும், உள்பக்கம் வையுங்கள். அலுவலகத்திலிருந்து எல்ஆர்டி ரயிலில் வரும்போதும், தீபாவளிக்குப் பினாங்கு போகும் நெரிசலிலும், நன்றாக உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்பை 24 மணி நேரம் தாங்கும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் 2 வாரம், தனிக் கதவு ஃப்ரீசரில் 3 முதல் 6 மாதம். -18 டிகிரி நிலையாக இருக்கும் பெரிய ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் முடிப்பது நல்லது, 12 மாதம் எல்லை.

உருக்க, முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். முழுதாக உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் பையை வைத்துச் சூடேற்றலாம். மைக்ரோவேவ் கூடாது: சத்தும் கெடும், வாயைச் சுடும் சூடும் பாலுக்குள் அங்கங்கே ஒளிந்திருக்கும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.