கண்ணைக் கடைசியில் வையுங்கள்: சின்னக் குழந்தைகளோடு பூதம் செய்யலாம்

நான்கு வயதுப் பிள்ளையிடம் பூனை வரையச் சொன்னால், பாதியிலேயே "எனக்கு வரலை" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடும். பூனை எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். தாளில் இருப்பது அப்படி இல்லை என்பதும் தெரியும். பூதம் வரையச் சொல்லிப் பாருங்கள். மூன்று கண், ஒற்றைக் கால், தலையில் வால், எதுவும் தப்பில்லை. பெயின்டிங் தொடங்கும் குழந்தைக்கு நான் முதலில் கொடுப்பது பூதம்தான்.

கீழே உள்ள மூன்று முறைகளுக்கும் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் பெயின்ட் தன் போக்கில் ஓர் உருவத்தைத் தரும். அப்புறம் அதற்குள் பூதம் எங்கே இருக்கிறது என்று குழந்தை தேடும். கடைசியில் கண். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

பெயின்டும் தாளும்

தண்ணீரில் கழுவினால் போகிற போஸ்டர் பெயின்ட் போதும். டப்பாவில் 'நச்சற்றது' என்ற குறிப்பும், எந்த வயதுக்கு என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிலிக் வேண்டாம், துணியில் காய்ந்துவிட்டால் போகாது.

தாளில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பிரிண்டருக்குப் போடும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் ஈரம் பட்டதும் சுருங்கும், தேய்த்தால் கிழியும். 150 முதல் 200 ஜிஎஸ்எம் வரை உள்ள டிராயிங் தாள் நன்றாகத் தாங்கும், மடிக்கவும் வரும்.

நிறங்களை இரண்டு இரண்டாகக் கொடுங்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் சேற்று நிறமாகிவிடும், குழந்தையின் முகமும் வாடிவிடும். கறுப்பை எடுத்து ஒளித்து வையுங்கள், பிறகு வேண்டும்.

முதல் பூதம்: ஊதி வருவது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உறிஞ்சுவதற்கும் ஊதுவதற்கும் வித்தியாசம் தெரிந்த குழந்தைக்கு மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். மேசையில் ஒரு சின்னக் காகித உருண்டையை வைத்து ஸ்ட்ராவால் ஊதித் தள்ளச் சொன்னால் தெரிந்துவிடும்.

1. ஸ்ட்ராவில், வாய் வைக்கும் முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். மறந்துபோய் உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், பெயின்ட் வாய்வரை ஏறாது.

2. ஒரு ஸ்பூன் பெயின்டுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் பால் போல ஒழுக வேண்டும். தேன் போல இழுத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

3. தாளின் நடுவில் ஒரு ஸ்பூன் அளவு ஊற்றுங்கள். சின்னக் குளம் மாதிரி நிற்கும்.

4. ஸ்ட்ராவைத் தாளோடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, குளத்தின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதச் சொல்லுங்கள். மேலிருந்து நேராக ஊதினால் பெயின்ட் தெறிக்கும், உருவம் வராது.

நான்காவதை ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள். பெயின்ட் முதலில் அசையாது. பிறகு திடீரென ஓரம் உடைந்து ஒரு கால் கிளம்பும். அது ஓடி, இரண்டாகப் பிரிந்து, நுனியில் ஒரு சொட்டாக நிற்கும். குழந்தை ஊதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்க்கும். அந்த நேரத்தில் எதுவும் சொல்லாதீர்கள், பார்க்கட்டும்.

தாளைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் ஊதினால் மயிரும் கொம்பும் காலும் வந்துவிடும். நாலைந்து தடவை ஊதியதும் சற்று மூச்சு வாங்க விடுங்கள், தொடர்ந்து ஊதினால் தலை சுற்றும். ஒருமுறை என் மகளின் தாளில் பெயின்ட் நீளமாக ஒழுகியது. நான் டிஷ்யூவை எடுத்தேன். "துடைக்காதம்மா, அதுக்கு எச்சில் ஒழுகுது" என்றாள். அன்றிலிருந்து கேட்காமல் எதையும் துடைப்பதில்லை.

இரண்டாவது: மடித்துப் பிறப்பது

இதற்குத் தண்ணீர் வேண்டாம், கெட்டியான பெயின்ட்தான் வேண்டும். தாளை முதலிலேயே நடுவில் மடித்து, பிரித்து வைத்துவிடுங்கள். பெயின்ட் வைத்த பிறகு மடிப்பைத் தேடினால் கோணலாகிவிடும். ஒரு பாதியில் மட்டும், மடிப்புக் கோட்டை ஒட்டி, நாலைந்து சொட்டு வைக்கட்டும். மடித்து, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தேய்த்து, உடனே பிரியுங்கள். தாமதித்தால் ஒட்டிக்கொண்டு கிழியும்.

பிரித்ததும் வருவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான உருவம். முகமும் அப்படித்தானே இருக்கிறது, அதனால் எந்தக் கறையிலும் ஒரு முகம் தெரிந்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்று ஒரு கவிஞர் இருந்தார், மருத்துவரும்கூட. வயதாகிக் கண் மங்கியபோது எழுதும் தாளில் மை சொட்டிவிடும். அவர் தாளை மடித்து, வந்த கறைகளில் தெரிந்த பேய் உருவங்களுக்குப் பேனாவால் சில கோடுகள் சேர்த்து, கூடவே கவிதையும் எழுதினார். குழந்தைகள் செய்வதும் அதே வேலைதான்.

தாளைத் தலைகீழாகவும் திருப்பிக் காட்டுங்கள். நேராக வைத்தால் வௌவால் போல இருப்பது, திருப்பினால் பல் இளிக்கும் பூதமாக இருக்கும். எந்தப் பக்கம் மேலே என்பதைக் குழந்தை சொல்லட்டும்.

மூன்றாவது: முள்கரண்டி பூதம்

ஊதத் தெரியாத சின்னவர்களுக்கு இது. ஒரு தட்டில் கெட்டிப் பெயின்ட், கையில் பிளாஸ்டிக் முள்கரண்டி. பின்பக்கத்தைத் தோய்த்து, உள்ளிருந்து வெளியே இழுத்தால் உடம்பெல்லாம் மயிர். வெளி வட்டத்தை முதலில் போட்டுவிட்டு உள்ளே வந்தால், ஒன்றன்மேல் ஒன்று படிந்து பார்க்கப் புசுபுசுவென்று இருக்கும்.

இனி கண்

பெயின்ட் நன்றாகக் காய வேண்டும். ஊதியது ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், கெட்டியாகப் போட்டதை ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஈரத்தில் கண் வைத்தால் அதன் வெள்ளையில் நிறம் ஊறிக் கலங்கிவிடும்.

வெள்ளைத் தாளில் சின்னதும் பெரிதுமாக வட்டங்கள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் தாளின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும். கண்கள் நெருங்கினால் பூதம் திருதிருவென விழிக்கும், விலகினால் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும். இடம் முடிவானதும் பசை. கருவிழிக்கு, ஒளித்து வைத்த கறுப்பைப் பஞ்சுக் குச்சியால் ஒரு பொட்டு. கடையில் விற்கும் ஆடும் பிளாஸ்டிக் கண்கள் அழகுதான், ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் வேண்டாம். விழுங்கினால் தொண்டையில் அடைக்கும்.

கண் வந்தபின் சில குழந்தைகள் பயப்படுவதுண்டு. "இதுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே பயத்தை மறந்துவிடும். சொன்னதைத் தாளின் பின்னால் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஒரு நாள் என் மகள், நன்றாக வந்திருந்த ஒரு பூதத்தின்மேல் கறுப்பை முழுக்கப் பூசிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் ஏன் என்று மட்டும் கேட்டேன். "அது தூங்கணும், லைட்டை அணைச்சிட்டேன்" என்றாள். மறுநாள் காய்ந்த பிறகு ஒரு வெள்ளை கிரேயானை எடுத்து, கறுப்பின்மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளைந்த கோடு போட்டாள். மூடிய கண்கள்.